பெயர் கேட்காமல் கேளுங்கள்

2024 டிசம்பர் 23 இரவு, சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். அவர் ஒடுங்கிப் போகவில்லை. உடனே புகார் கொடுத்தார். சட்டம் அவரிடம் எதிர்பார்த்த அத்தனையையும் செய்தார். பெயர் சொன்னார், நடந்ததைச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். ஓரிரு நாளில் அந்த முதல் தகவல் அறிக்கை அவருடைய விவரங்களோடு ஊர் உலகத்தின் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறியதில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. வழக்கைக் கையில் எடுத்த சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அரை ஆண்டுக்குள், 2025 ஜூன் 2 அன்று, குற்றவாளிக்குக் குறைந்தது 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பே இல்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது. நம் நீதி அமைப்பு இவ்வளவு வேகமாக நகர்ந்த வழக்குகள் குறைவு. ஆனால் வெளியே போன பெயரை எந்தத் தீர்ப்பாலும் திரும்ப அழைத்துவர முடியவில்லை.

அந்தக் குற்றவாளி வெளியாள். மாணவியின் மதிப்பெண்ணோ பட்டமோ அவன் கையில் இல்லை. அப்படியும் ஒரு மாநிலத்தின் முழுக் காவல் எந்திரத்தால் அவர் பெயரைச் சில நாள் காப்பாற்ற முடியவில்லை. தவறு செய்பவர் அதே வளாகத்தில் அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவராக இருந்தால் என்ன ஆகும்? புகாரை வாங்குபவர் அவருடைய சக ஊழியர், தட்டச்சு செய்பவர் அவர் துறையில் வேலை பார்த்தவர், கோப்பு போகிற வழியில் பத்துப் பேர் பிரித்துப் பார்க்கிறார்கள் என்ற நிலையில், மாணவியைப் பார்த்து "முதலில் உன் பெயரை எழுது" என்று சொல்வது என்ன நியாயம்? நம் பல்கலைக்கழகங்கள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கின்றன. பெயர் இல்லாமல் வந்தால் அது மொட்டைக் கடிதம். மொட்டைக் கடிதத்தின் இடம் குப்பைக்கூடை. இந்த வழக்கத்தை மாற்றியாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஒருவரைத் தண்டிப்பதற்குப் புகார் சொன்னவரின் பெயர் வேண்டியிருக்கலாம். என்ன நடக்கிறது என்று போய்ப் பார்ப்பதற்குப் பெயர் வேண்டியதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான், தண்டிக்க முடியாத புகாரைப் பார்க்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு நிர்வாகங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் புகார்க் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் கொண்டுவந்த விதிமுறைகள் இதையே உயர்கல்வி நிறுவனங்களுக்கு விரித்துச் சொல்கின்றன. புகார் வந்த ஏழு நாளுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போய்விட வேண்டும். முறையான விசாரணைக்கு இது சரிதான். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரியாமல் ஒருவர் பதில் சொல்ல முடியாது. ஆனால் இதைப் புகார் கொடுக்கப் போகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு முனைவர் பட்ட மாணவிக்கு அவருடைய கைடு யார்? உதவித்தொகை தொடர்வதற்கு அவர் ஒப்புதல் வேண்டும். ஆய்வுக் கட்டுரை இதழுக்குப் போக அவர் சம்மதிக்க வேண்டும். சினாப்சிஸ் தாக்கல் செய்ய அவர் கையெழுத்து வேண்டும். ஆய்வேட்டைத் திருத்தப் போகும் வெளித் தேர்வாளர்களின் பட்டியல் அவரிடமிருந்து போகிறது. வைவா முடிந்து வேலை தேடும்போது பரிந்துரைக் கடிதமும் அவரிடமிருந்தே வர வேண்டும். நான்கைந்து ஆண்டு உழைப்பின் சாவி ஒரே ஆளின் சட்டைப்பையில் இருக்கும்போது, மூன்று மாதத்துக்குள் அவர் மேல் கையெழுத்துப் போட்டுப் புகார் கொடு, ஏழு நாளில் அதை அவரிடமே காட்டுவோம் என்கிறது நடைமுறை. அந்த ஆள் துறையை விட்டு விலகும்வரை, அல்லது பட்டம் கைக்கு வரும்வரை மாணவி காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று கதவு மூடப்படுகிறது.

இது கற்பனை இல்லை. கொல்கத்தாவில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் மீது அங்கேயே பணியாற்றும் பேராசிரியை ஒருவர் கொடுத்த புகார், காலம் கடந்தது என்று தள்ளப்பட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனது. காலக்கெடு முடிந்துவிட்டது உண்மைதான் என்று 2025 செப்டம்பரில் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதோடு விடவில்லை. இந்தத் தீர்ப்பைத் துணைவேந்தர் தன் பணி விவரக் குறிப்பில் சேர்த்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. குற்றச்சாட்டு உண்மையா இல்லையா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. புகார் சொன்னவருக்கு நீதி கிடைக்கவில்லை. சொல்லப்பட்டவருக்கும் தன் பக்கத்தை நிரூபிக்க வாய்ப்பு கிடைக்கவில்லை. இருவருக்குமே இது கேடு. சட்டம் படித்து, சட்டம் கற்பிக்கும் ஒரு பேராசிரியைக்கே காலக்கெடுவுக்குள் புகார் தர முடியவில்லை என்றால், கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாக வந்து பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருக்கும் மாணவியிடம் அதை எதிர்பார்ப்பது எப்படி?

துணிந்து பெயரோடு முன்வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் கண்முன்னே இருக்கிறது. ஒடிசாவின் பாலசோரில், ஃபக்கீர் மோகன் தன்னாட்சிக் கல்லூரியில் பி.எட். படித்த மாணவி தன் துறைத் தலைவர் மீது கல்லூரியில் எழுத்துப் புகார் கொடுத்தார். உள் புகார்க் குழு விசாரித்தது. தனக்கு நீதி கிடைக்கவில்லை என்று நொந்துபோன அவர், 2025 ஜூலையில் கல்லூரி வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, இரண்டு நாளில் புவனேசுவரம் எய்ம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். துறைத் தலைவரும் முதல்வரும் பிறகு கைதானார்கள். புகார் மனுவில் பெயர் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது. சட்டம் கேட்ட எதுவும் அதில் குறையவில்லை. அந்த மாணவி தனியாக நின்றார் என்பதுதான் அங்கே குறை. பெயரைக் கட்டாயமாக்கும் முறையின் மிகப் பெரிய கொடுமை இது. முதலில் வருபவர் ஒற்றை ஆளாக வந்தாக வேண்டும்; அவருக்குத் துணையாகச் சொல்ல வேறு யாரிடமாவது விஷயம் இருந்தாலும், அவர்களும் அதே விலையைக் கொடுத்தால்தான் வாய் திறக்க முடியும்.

பெயரைச் சொன்னால் ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று நிர்வாகங்கள் வாக்குக் கொடுப்பதுண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆவது பிரிவும் அதைக் கட்டாயமாக்குகிறது. அந்த வாக்குறுதிக்கு இந்த நாட்டில் என்ன மதிப்பு என்பதை 2003இல் பார்த்தோம். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாவுக்குப் பிறகு எழுந்த கொந்தளிப்பில் 2004இல் ஓர் அரசுத் தீர்மானம் வந்தது. பத்து ஆண்டு கழித்து, 2014இல், தகவல் தெரிவிப்போர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டம் இன்னும் நடைமுறைக்கே கொண்டுவரப்படவில்லை. வந்தாலும், பெயர் சொல்லாத தகவலின் மேல் நடவடிக்கை கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையமும் 1999இலிருந்து, இடையில் சில காலம் தளர்த்தியது தவிர, பெயரில்லாப் புகார்களைப் பரிசீலிக்க வேண்டாம் என்றே அரசு அலுவலகங்களுக்குச் சொல்லிவருகிறது. ரகசியம் காப்போம் என்பது, காப்பவரை நம்பச் சொல்வது. பெயரே கேட்காத முறையில் யாரையும் நம்ப வேண்டிய தேவை இல்லை. கையில் இல்லாத பெயர் கசியாது.

பெயர் கேட்காத முறை வெளிநாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் கல்லூரிகளில் இந்தக் கொள்கை 2009இலிருந்தே விதியாக இருக்கிறது. அது ராகிங் தடுப்பு விதி. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996 நவம்பரில் கொல்லப்பட்டபோது தமிழ்நாடு பதறிப்போனது. 1997இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்து மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மாணவர் ராகிங்கால் இறந்தார். உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த ஆர்.கே. ராகவன் குழுவின் பரிந்துரைகள் அதன்பின் மானியக் குழுவின் விதிமுறைகளாக உருவெடுத்தன. அவற்றை எழுதியவர்கள் அடிப்படையான ஓர் உண்மையைப் புரிந்துகொண்டிருந்தார்கள்: அடி வாங்கிய முதலாண்டு மாணவன் அடித்தவனோடு அதே விடுதியில் இரவு தூங்க வேண்டும், அவன் வந்து சொல்ல மாட்டான். ஆகவே, சேர்ந்த முதல் மூன்று மாதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முதலாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கேட்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இருபத்துநான்கு மணி நேர உதவி எண் வந்தது. ராகிங் நடந்தது தெரிந்தால் மாணவன் மனுவுக்காகக் காத்திராமல் நிறுவனத் தலைவரே காவல்துறைக்குப் போக வேண்டும் என்ற கடமையும் வந்தது. வாய் திறக்க முடியாதவனிடமிருந்து உண்மையைத் தேடிப் பெறுவது நிறுவனத்தின் வேலை என்று இங்கே எழுதப்பட்டுவிட்டது. மூத்த மாணவனுக்குப் பயப்படுவதைப் புரிந்துகொண்ட அமைப்பு, மூத்த பேராசிரியருக்குப் பயப்படுவதை மட்டும் ஏன் புரிந்துகொள்ள மறுக்கிறது? மூத்த மாணவன் நான்கு ஆண்டில் போய்விடுவான். பேராசிரியர் அங்கேதான் இருப்பார்.

உள்ளே வழி இல்லாதபோது கோபம் வெளியே எப்படி வெடிக்கும் என்பதற்கு 2017 அக்டோபர் சாட்சி. அமெரிக்காவில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ராயா சர்க்கார், இந்திய வளாகங்களோடு தொடர்புடைய பேராசிரியர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைச் சமூக வலைதளத்தில் வெளியிட்டார். சொன்னவர்கள் யார் என்று இல்லை. பல பெயர்களுக்குப் பக்கத்தில் என்ன செய்தார் என்றும் இல்லை. நிவேதிதா மேனன் உள்ளிட்ட மூத்த பெண்ணியவாதிகளே அதை எதிர்த்து அறிக்கை விட்டார்கள். விளக்கமில்லாமல், பதில் சொல்ல வாய்ப்பில்லாமல் ஒருவர் பெயரைத் தூக்கிலிடுவது நியாயமில்லை, முறையான வழியில் போங்கள் என்றார்கள். இளைய தலைமுறை, குறிப்பாகத் தலித் பகுஜன் மாணவிகள் பலர், எந்த முறையான வழி என்று திருப்பிக் கேட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999இலிருந்து இயங்கிய, மாணவர்களும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களைக் கொண்ட பாலின நீதிக் குழுவை நிர்வாகம் கலைத்துவிட்டு, வேறு குழுவை அமைத்திருந்தது. அந்த விவாதத்தில் இரு பக்கமும் சொன்னதில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். விவரமில்லாத பகிரங்கப் பட்டியல் தவறான வழி. ஆனால் அது பெயர் சொல்லாப் புகார் முறையின் விளைவு அல்ல. அப்படி ஒரு முறை இல்லாததன் விளைவு. ஒரு வளாகத்துக்குள் பெயர் சொல்லாமல் விவரத்தோடு எழுதிப் போட இடமும், அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்க ஒருவரும் இருந்தால், குற்றம் சாட்டப்படுபவரின் பெயர் தெருவுக்கு வர வேண்டிய தேவையே பெரும்பாலும் எழாது.

இங்கேதான் வழக்கமான மறுப்பு வரும். மதிப்பெண் குறைத்த ஆசிரியர் மேல் கோபம், சாதிக் காழ்ப்பு, துறைக்குள் பதவிப் போட்டி, இவற்றுக்கெல்லாம் பெயரில்லாப் புகார் ஆயுதமாகிவிடாதா? ஆகலாம். இதை லேசாகத் தள்ள எனக்கு மனமில்லை. ஒரு நல்ல ஆசிரியரைப் பொய்ப் புகாரால் வீழ்த்துவதும் வளாகத்தைக் கெடுப்பதுதான். ஆனால் பெயரில்லாப் புகாரை எடுத்து விசாரிப்பதால் நிரபராதிக்கு எப்போதும் கேடு வரும் என்பது சரியா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த நரம்பியல் அறிஞர் மார்க் டெஸ்ஸியே லவீன் விஷயத்தைப் பாருங்கள். அவர் பெயர் தாங்கிய ஆய்வுக் கட்டுரைகளில் படங்கள் திருத்தப்பட்டிருப்பதாகப் பப்பியர் என்ற ஆய்வு விமர்சனத் தளத்தில் பெயர் சொல்லாதவர்கள் பல ஆண்டுகளாக எழுதிவந்தார்கள். மாணவர்கள் நடத்தும் நாளிதழ் 2022 நவம்பரில் அதைக் கையில் எடுத்த பிறகே முறையான விசாரணை தொடங்கியது. விசாரித்த குழு, அவர் தாமே தரவுகளைப் புரட்டினார் என்பதற்கு ஆதாரமில்லை என்று தெளிவாகச் சொன்னது; தவறுகள் தெரிய வந்தபோது திருத்தத் தவறினார் என்றும் சொன்னது. 2023 ஜூலையில் பதவி விலகுவதாக அவர் அறிவித்தார். கட்டுரைகள் சில திரும்பப் பெறப்பட்டன. முதலில் எழுதியவர் யார் என்ற கேள்வி அங்கே தேவைப்படவே இல்லை. படம் அச்சில் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். பெயரில்லாத் தகவலில் தொடங்கிய ஒரு விசாரணை, எது உண்மை எது மிகை என்று பிரித்துக் காட்டி, மிக மோசமான குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தும் இருக்கிறது. குப்பைக்கூடைக்குப் போன மொட்டைக் கடிதம் எந்த ஆசிரியரையும் நிரபராதி என்று நிரூபித்ததில்லை. அது வதந்தியாகத் திரிந்து கடைசிவரை அவரைத் துரத்தும்.

பாலியல் துன்புறுத்தலுக்கு அப்படிப் படமோ ஆவணமோ இருக்காதே என்று கேட்கலாம். பல சமயம் இருக்கிறது என்பதே உண்மை. அருப்புக்கோட்டையில் 2018இல் கல்லூரி மாணவிகளைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியையின் தொலைபேசிப் பேச்சுப் பதிவு வெளியே வந்தபோது, அந்தப் பதிவே மாநிலத்தை உலுக்கப் போதுமானதாக இருந்தது. 2024 ஏப்ரலில் அவருக்குப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி ஒரு தடயம். ஒரே கைடிடமிருந்து அடுத்தடுத்துப் பெண் ஆய்வாளர்கள் விலகிப் போவது பதிவாளர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. இன்டர்னல் மதிப்பெண்ணுக்கும் பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளி கணினியில் இருக்கிறது. களப்பணிக்கு மாணவியைத் தனியாக அழைத்துப் போனாரா என்பதற்குப் பயணப்படி ரசீது இருக்கிறது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தால் தேட முடியும். அந்த ஒரு குறிப்பைத்தான் பெயரில்லாக் கடிதம் தருகிறது. ஆதாரமே அகப்படாத புகார்களும் இருக்கும். அவற்றின் மேல் யாரையும் தண்டிக்கக் கூடாது, யார் பெயரையும் வெளியிடக் கூடாது. தேதி போட்டுப் பூட்டி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டி வைப்பதால் என்ன பயன் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2017 மே மாதம் பெயரில்லாமல் தெரிவிக்கும் வசதியைத் தொடங்கியது. ஒன்பது மாதத்தில் 173 தகவல்கள் வந்தன. பல்கலைக்கழகம் அந்த எண்ணிக்கையைத் தானே வெளியிட்டு, எங்களிடம் பெரிய பிரச்சினை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. அந்த வசதியின் மூலம் நேரடியாக யார் மேலும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பதையும் முதலிலேயே சொல்லியிருந்தது. யாரும் தூக்கிலிடப்படவில்லை; ஆனால் காய்ச்சல் எவ்வளவு என்று முதல்முறையாகத் தெரிந்தது. இன்னொன்று அமெரிக்காவில் ஜெசிக்கா லாட் உருவாக்கிய கலிஸ்டோ என்ற ஏற்பாடு. 2015இல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்திலும் பொமோனா கல்லூரியிலும் தொடங்கப்பட்டது. மாணவி நடந்ததை எழுதித் தேதியிட்டுப் பூட்டி வைக்கலாம். அதே ஆளைப் பற்றி வேறொருவரும் எழுதினால் மட்டும் என் புகாரைத் திற என்று நிபந்தனை போடலாம். இரண்டாவது ஆள் வரும்வரை அது யார் கண்ணிலும் படாது. வந்துவிட்டால் இருவருக்கும் தனிமை போய்விடுகிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே ஆளைப் பற்றி எழுதியிருக்கும்போது பொய்ப் புகார் என்ற வாதத்தின் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பாலசோர் மாணவிக்குக் கிடைக்காமல் போனது இப்படி ஒரு வழி. பெயர் சொல்லாமல் பேசும் உரிமை கோழைகளுக்கான சலுகை என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அது பெயர் சொல்லி முன்வந்தவருக்கும் கவசமாகிறது.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஐந்து ஆய்வாளர்கள் உள்ள ஆய்வகத்தில் ஒருவர்தான் பெண் என்றால், பெயர் போடாவிட்டாலும் எழுதியது யார் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். துறையில் ஒரே ஒரு தலித் ஆய்வாளர் இருந்து, சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார் போனாலும் அப்படியே. அங்கெல்லாம் தகவல் வந்த மறுநாளே அந்தப் பேராசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது, புகார் சொன்னவரைப் பிடித்துக் கொடுப்பதற்குச் சமம். எல்லாத் துறைகளிலும் ஒரே சமயத்தில் கருத்துக் கேட்பது, பட்டம் பெற்றுச் சென்றவர்களிடமும் கேட்பது, வழக்கமான தணிக்கையோடு சேர்த்துக் கோப்புகளைப் பார்ப்பது என்று நிதானமாக நகர வேண்டும். எழுதியவருக்கு ஒரு ரகசிய எண்ணைக் கொடுத்து, அந்த எண் வழியாகவே விசாரிப்பவர் மேல்கேள்வி கேட்கவும் அவர் பதில் போடவும் ஏற்பாடு செய்யலாம். இதற்கான மென்பொருள் இத்தாலியில் உருவான குளோபாலீக்ஸ் என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. அதை வளாக நிர்வாகத்தின் கணினியில் வைக்காமல் வெளியே வைக்க வேண்டும் என்பது முக்கியம். துணைவேந்தர், பதிவாளர், புல முதன்மையர், துறைத் தலைவர் போன்றோர் உள் புகார்க் குழுவில் இருக்கக் கூடாது என்று 2015 விதிமுறையே சொல்கிறது. அதே தர்க்கம் பெயரில்லாப் புகார்கள் விழும் பெட்டியின் சாவிக்கும் பொருந்தும்.

சட்டம் இடம் கொடுக்காதே என்பார்கள். 9ஆவது பிரிவு எழுத்துப் புகாரைப் பற்றிப் பேசுவது உண்மை. ஆனால் அதே சட்டத்தின் 19ஆவது பிரிவு நிறுவனத்தின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பாதுகாப்பான பணிச்சூழலைத் தருவதும், பாலியல் துன்புறுத்தலைப் பணி விதிகளின் கீழ் ஒழுங்கீனமாகக் கருதி நடவடிக்கை தொடங்குவதும் அவற்றில் அடங்கும். வந்த தகவலை வைத்துக் கோப்புகளைப் பார்க்காதே என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்வது சட்டத்தின் கட்டளை அல்ல, நிர்வாகத்தின் சௌகரியம். ஆண்டறிக்கையில் "புகார்கள்: இல்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவுக்கும் பெற்றோருக்கும் கல்லூரி நல்லதாகத் தெரிகிறது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் படிக்கும் இடத்தில் ஆண்டுக்கணக்காக ஒரு புகாரும் இல்லை என்றால் அங்கே யாருக்கும் பேசத் துணிவில்லை என்றுதான் நான் அதைப் படிப்பேன். மதிப்பீடு செய்பவர்களும் அப்படிப் படிக்கத் தொடங்கினால், புகாரை மறைப்பதில் நிர்வாகங்களுக்கு இருக்கும் லாபம் போய்விடும்.

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரியில் சேரும் மாணவரும் அவர் பெற்றோரும் ராகிங் செய்ய மாட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கிறார்கள். மானியக் குழுவின் விதி அது. தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றின் இணைவுக் கல்லூரிகளும் அதை வாங்கி வைக்க வேண்டும். மாணவரிடம் ஒரு வாக்குறுதியை வாங்கும் அதே மேசையில், நிறுவனம் தன் பங்குக்கு ஒரு தாளைக் கொடுக்கட்டும். பெயர் சொல்லாமல் எங்கே, எப்படித் தெரிவிக்கலாம், அதை வளாகத்துக்கு வெளியே யார் படிப்பார், எத்தனை நாளில் பதில் வரும், எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அதில் தமிழில் எழுதியிருக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். பெரிய செலவும் இல்லை. உயர்கல்வித் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த மாணவர் சேர்க்கைக்கு முன்பே அதை அனுப்பிவிட முடியும்.